போர்ட்டும் ஒயின்தானே, அப்புறம் ஏன் இப்படி ஏறுகிறது?

மார்ச் 3, மாலை (இழையைத் தொடங்கிய கேள்வி)

ஒயின் என்றால் ஒயின்தான், எல்லாவற்றிலும் ஆல்கஹால் 12 சதவீதம் பக்கம்தான் இருக்கும் என்பது என் கணக்கு. இனிப்பு ஒயின் அதைவிட லேசு. போர்ட் என்ற போர்ச்சுகல் இனிப்பு ஒயின், மூலிகை வாசனை ஏற்றிய வெர்மத் எல்லாம் திராட்சையில் செய்ததுதானே, பிராந்தி மாதிரி பயப்படத் தேவையில்லை. ஒயினில் பழச்சாறு கலக்கும் சங்ரியா கிட்டத்தட்ட ஜூஸ். ஆனாலும் போன வாரம் போர்ட் இரண்டு கிளாஸ் குடித்ததற்கே தலை சுற்றியது. எங்கே இடிக்கிறது?

மார்ச் 3, இரவு 9.40

முதல் வரியிலேயே இடிக்கிறது. 12 என்பது சாதாரண உலர் ஒயினின், அதாவது இனிப்பில்லாத ஒயினின், நடுப்புள்ளி, அவ்வளவுதான். இத்தாலியின் இனிப்பு ஒயினான மொஸ்காட்டோ தாஸ்தி 4.5 முதல் 6.5 வரை. ஜெர்மனியின் மோசல் பகுதி வெள்ளை ஒயினான ரீஸ்லிங் கபினெட் 8, 9. இத்தாலியின் நுரைக்கும் ஒயின் ப்ரோசெக்கோ 11. ஷாம்பெய்ன் 12, 12.5. நல்ல வெயில் காயும் இடத்துச் சிவப்பு ஒயின்கள் 14.5, 15 என்று போகும். திராட்சையை உலர்த்தி வைத்துச் செய்யும் அமரோனே 15, 16-ஐத் தொடும். போர்ட் 19 முதல் 22. கீழே இருப்பதற்கும் மேலே இருப்பதற்கும் நான்கு மடங்கு வித்தியாசம்.

‘திராட்சையில் செய்தது’ என்பதெல்லாம் ஒரு சமாதானமா? பிராந்தியும் திராட்சைதான். ஒயினைக் காய்ச்சி வடித்தால் பிராந்தி. அதிலும் பிரான்சின் கொன்யாக் என்று பெயர் போட வேண்டுமானால் 40-க்குக் குறையவே கூடாது.

மார்ச் 3, இரவு 10.15

எந்தக் கிளாஸில் குடித்தீர்கள் என்று சொல்லவில்லையே. சாதாரண ஒயின் கிளாஸா, போர்ட்டுக்கென்று இருக்கும் சின்னதா?

மார்ச் 4, காலை

பெரிய கிளாஸ்தானாம். நினைத்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இனிப்பு விவகாரம், ஏனென்றால் இங்கே பாதிப் பேர் அதை நம்புகிறார்கள்.

திராட்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை போனால் 1 சதவீதம் ஆல்கஹால் வரும். 204 கிராம் சர்க்கரை இருக்கும் சாறு முழுக்க நொதித்தால் 12 சதவீதம் ஒயின், இனிப்பு துளியும் மிச்சமிராது. பாதியில் நின்றுபோனால் மிச்சச் சர்க்கரை இனிப்பாக நிற்கும். ஆகவே இனிப்பு ஒயின் என்றால் பெரும்பாலும் எங்கோ நொதித்தல் நின்றிருக்கிறது என்று அர்த்தம். எதனால் நின்றது என்பதில்தான் சூட்சுமம்.

மொஸ்காட்டோவில் குளிரூட்டி, ஈஸ்ட்டை வடிகட்டி எடுத்து நிறுத்துகிறார்கள். 5.5 சதவீதத்தில் நின்றுவிட்டது, சர்க்கரை லிட்டருக்கு 120 கிராம் மாதிரி மிச்சம். போர்ட்டில் நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றில் 77 சதவீதம் திராட்சை ஸ்பிரிட்டை, அதாவது காய்ச்சி வடித்த சாராயத்தை, ஊற்றி ஈஸ்ட்டைக் கொன்றுவிடுகிறார்கள். அதிலும் 100 கிராம் பக்கம் சர்க்கரை மிச்சம். நாக்குக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இனிப்பு. ஆல்கஹாலில் ஒன்று 5.5, இன்னொன்று 20.

பழைய கணக்குப்படி 550 லிட்டர் பீப்பாய்க்கு 435 லிட்டர் சாறு, 115 லிட்டர் ஸ்பிரிட். சாறு 6 சதவீதம் நொதித்திருக்கிறது என்று வையுங்கள். 435-இல் 26 லிட்டர், 115-இல் 88.5 லிட்டர் சுத்த ஆல்கஹால். மொத்தம் 114.6. அதை 550-ஆல் வகுத்தால் 20.8 சதவீதம். அதாவது போர்ட்டில் இருக்கும் ஆல்கஹாலில் முக்கால் பங்குக்கு மேல் நொதித்து வந்ததே இல்லை, ஊற்றியது. நீங்கள் பயப்படும் அந்த ‘பிராந்தி மாதிரி’ சமாச்சாரம் உள்ளேயே இருக்கிறது.

மார்ச் 4, மதியம்

‘அப்படியானால் இனிப்பு ஒயின் எல்லாமே ஒன்று ரொம்ப லேசு, இல்லாவிட்டால் ரொம்ப வலுவா?’ என்று ஒருவர். இல்லை, நடுவிலும் உண்டு. பிரான்சின் இனிப்பு ஒயினான சோத்தெர்ன் 13, 14 சதவீதம். பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சையில் சர்க்கரை அவ்வளவு அடர்த்தி. ஈஸ்ட் தன்னால் முடிந்தவரை தின்றுவிட்டுச் சோர்ந்துபோகிறது, மிச்சம் அப்படியே நிற்கிறது.

இதன் உச்சம் ஹங்கேரியின் டோக்கை எசென்சியா. லிட்டருக்கு 450 கிராமுக்கு மேல் சர்க்கரை. அவ்வளவு பாகில் ஈஸ்ட்டால் வேலையே செய்ய முடியாது, வருடக்கணக்கில் நொதித்தும் 3 சதவீதம் மாதிரிதான் தேறும். பியரைவிடக் குறைவு. விலையைக் கேட்டால் மட்டும் போதை ஏறும்.

மார்ச் 5

கிளாஸ் கணக்கு. இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்.

சதவீதம் என்பது பாதித் தகவல். எவ்வளவு ஊற்றினோம் என்பது மீதி. 12 சதவீதம் ஒயின் 150 மில்லி என்றால் 18 மில்லி ஆல்கஹால். போர்ட்டை அதற்குரிய சின்ன கிளாஸில் 75 மில்லி ஊற்றினால் 15 மில்லிதான், ஒயினைவிடக் குறைவு! அதே போர்ட்டைப் பெரிய கிளாஸில் 150 ஊற்றினால் 30 மில்லி. இரண்டு கிளாஸ் என்றால் 60. 12 சதவீதம் ஒயினில் அதற்குச் சமம் அரை லிட்டர், முக்கால் லிட்டர் புட்டியில் மூன்றில் இரண்டு பங்கு. தலை சுற்றாமல் என்ன செய்யும்?

150 என்று நான் எழுதுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். வீட்டில் நீங்கள் வழக்கமாக ஊற்றும் மட்டத்துக்கு அதே கிளாஸில் தண்ணீர் ஊற்றி, அளவுக் கோப்பையில் கவிழ்த்துப் பாருங்கள். என்னிடம் வயிறு பெருத்த சிவப்பு ஒயின் கிளாஸ் ஒன்று உண்டு. மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாத மாதிரி, கண்ணுக்கு ரொம்ப நாசூக்காகத் தெரியும். கவிழ்த்தால் 200 மில்லி. அதில் 14.5 சதவீதம் ஊற்றினால் 29 மில்லி ஆல்கஹால், ஏறக்குறைய உங்கள் போர்ட் கிளாஸ்தான். அன்றிலிருந்து அந்தக் கிளாஸில் தண்ணீர்தான் குடிக்கிறேன்.

மார்ச் 5, இரவு

மேலே ஒருவர் 18 மில்லியை 18 கிராம் என்று எடுத்துக்கொண்டு அமெரிக்க அளவோடு ஒப்பிட்டிருக்கிறார். அது வேறு, இது வேறு. ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசு, ஒரு மில்லி 0.789 கிராம். 18 மில்லி என்பது 14.2 கிராம். அமெரிக்காவில் ‘ஒரு ட்ரிங்க்’ என்பது 14 கிராம், ஆக 12 சதவீதம் ஒயின் 150 மில்லி அங்கே சரியாக ஒன்று. ஆஸ்திரேலியாவில் ஒன்று என்பது 10 கிராம். பிரிட்டனில் ஒரு யூனிட் 10 மில்லி, அதாவது 8 கிராம்.

எனக்கு பிரிட்டன் முறை பிடிக்கும், மனக்கணக்கு சுலபம். சதவீதத்தை லிட்டரால் பெருக்கினால் யூனிட். 13.5 சதவீதம், 0.75 லிட்டர்: 10.1 யூனிட். மற்ற நாட்டுக்காரர்கள் கால்குலேட்டரைத் தேடட்டும்.

மார்ச் 7

ஸ்பெயினின் ஷெர்ரி பற்றிக் கேட்டிருந்தார்கள். அதுவும் ஸ்பிரிட் சேர்த்ததுதான், ஆனால் நொதித்து முடிந்த பிறகு சேர்ப்பது. அதனால் அடிப்படையில் உலர்ந்தது, இனிப்பு வேண்டுமென்றால் தனியாகக் கலப்பார்கள். அதில் ஃபீனோ என்ற வெளிர் வகையை 15 சதவீதம் பக்கம் நிறுத்துவார்கள். அந்த அளவில்தான் மேலே ஈஸ்ட் ஆடைபோலப் படர்ந்து ஒயினைக் காற்றிலிருந்து காக்கும். 17-ஐத் தாண்டினால் அந்தப் படலம் செத்துவிடும், ஒயின் காற்றுபட்டுப் பழுப்பேறி ஒலரோசோ என்ற வகை ஆகும். ஒன்றிரண்டு சதவீதத்தில் நிறமும் மணமும் ருசியும் தலைகீழாகிவிடுகின்றன.

இன்னொரு வேடிக்கை. ஒலரோசோ பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கும்போது மரத்தின் வழியே ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக வெளியேறுகிறது. வறண்ட கிடங்கில் அப்படித்தான். அதனால் வயதாக ஆகச் சதவீதம் ஏறி 20-ஐத் தாண்டும். ஈரமான கிடங்குகளில் நேர்மாறு, ஆல்கஹால்தான் முதலில் குறையும். கொன்யாக் கிடங்குகளில் இரண்டும் வைத்திருப்பார்கள்.

மார்ச் 8

இப்போது கலவைகள். இதை ஆற அமர எழுத வேண்டும், எல்லோரும் ஏமாறுவதே இங்கேதான்.

சங்ரியா என்று புட்டியில் அடைத்து ஐரோப்பாவில் விற்பது சட்டப்படி 4.5-க்கு மேல், 12-க்குக் கீழ் இருக்க வேண்டும். அது கடைச் சரக்கு. வீட்டுச் சங்ரியாவுக்குச் சட்டமும் கிடையாது, கருணையும் கிடையாது. 13 சதவீதம் ஒயின் ஒரு புட்டி: 97.5 மில்லி ஆல்கஹால். பிராந்தி 100 மில்லி: 40. பழச்சாறு 250, சோடா 250. மொத்தம் 1,350 மில்லியில் 137.5, அதாவது 10.2 சதவீதம். ஐஸ் உருகி 150 மில்லி சேர்ந்தால் 9.2. பிராந்தியை விட்டுவிட்டால் 7. ஜூஸ் என்று நினைத்து 300 மில்லி உயரக் கிளாஸில் அந்த 9.2-ஐக் குடித்தால் 27.6 மில்லி ஆல்கஹால். அளவான ஒயின் கிளாஸ் ஒன்றரை. தாகத்துக்குக் குடிக்கிற வேகத்தில்!

அப்பரோல் என்ற இத்தாலியக் கசப்பு மதுவில் செய்யும் அப்பரோல் ஸ்பிரிட்ஸ் கலவையைப் பார்ப்போம். 90 மில்லி ப்ரோசெக்கோ, 60 மில்லி அப்பரோல், 30 மில்லி சோடா. அப்பரோலும் 11, ப்ரோசெக்கோவும் 11, ஆகவே கலக்கும்போது எதுவும் மாறாது, சோடா மட்டும்தான் இறக்கும். 9.2 வருகிறது. பிராந்தி போட்ட சங்ரியாவும் 9.2 என்பது தற்செயல்.

கீர் என்ற கலவைதான் எனக்குப் பிடித்த உதாரணம். 90 மில்லி வெள்ளை ஒயினில் 10 மில்லி காசிஸ், அதாவது பிளாக்கரன்ட் என்ற சிறு பழத்தில் செய்த இனிப்பு மது. குடித்துப் பார்த்தால் ஒயினைவிட மென்மை, பழவாசனை, ‘லேசாக இருக்கிறதே’ என்பார்கள். ஆனால் காசிஸ் 20 சதவீதம் என்றால் கலவை 12.8. ஒயின் 12-ஆக இருந்தது! இனிப்பைச் சேர்த்து வலுவை ஏற்றியிருக்கிறோம், நாக்கு அதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்கிறது.

உண்மையிலேயே இறக்க வேண்டுமானால் சோடாதான். ஒயினும் சோடாவும் சரிபாதி என்றால் 12 ஆறாகும். ஸ்பெயினில் சிவப்பு ஒயினில் கோலாவைச் சரிபாதி கலக்கும் கலிமோச்சோவும் அப்படித்தான், 13 என்றால் 6.5. ஒயின் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், கணக்கு சுளிக்காது.

மார்ச் 8, சற்று பின்பு

வெர்மத் விட்டுப்போயிற்று. ஐரோப்பியச் சட்டப்படி குறைந்தது முக்கால் பங்கு ஒயின் இருக்க வேண்டும், வலு 14.5-லிருந்து 22-க்குள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 15 முதல் 18. மார்ட்டினி காக்டெய்லில் நாலு சொட்டு விடுகிறவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஐஸ் போட்டு வெறுமனே குடிக்கிறவர்கள் அதைப் போர்ட்டின் தம்பியாக நினைக்கட்டும்.

நெக்ரோனி என்ற காக்டெய்லில் ஜின், கம்பாரி என்ற கசப்பு மது, வெர்மத் ஆளுக்கு 30 மில்லி. ஜின் 40, கம்பாரி 25, வெர்மத் 16 என்று போட்டால் மொத்தம் 24.3 மில்லி, அதில் வெர்மத்தின் பங்கு 4.8 மட்டுமே. ‘ஒயின் சேர்ந்த காக்டெய்ல்’ என்று அதைச் சொல்கிறவர்கள் நல்ல வக்கீல்கள்.

மார்ச் 10

சூடான மசாலா ஒயின் பற்றி: ‘கொதிக்க வைத்தால் ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிவிடும், குழந்தைகளுக்கும் கொடுக்கலாம்’ என்று ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்துத் தூக்கி வாரிப்போட்டது. கொடுக்கக் கூடாது. சுத்த ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும் என்பதற்காக ஒயினிலிருந்து அது மட்டும் தனியாகக் கிளம்பிப் போய்விடாது. தண்ணீரோடு கலந்தே கிடக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி கொதிக்கும் திரவத்தில் சேர்த்து உடனே இறக்கினால் 85 சதவீத ஆல்கஹால் மிச்சம். 15 நிமிடம் கொதித்தால் 40. ஒரு மணி நேரம் கொதித்தாலும் 25. இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5.

மசாலா ஒயினை யாரும் ஒரு மணி நேரம் கொதிக்க விடுவதில்லை, ஆவி வரும் வரை சூடு செய்வதோடு சரி. 13 சதவீதம் ஒயின் என்றால் 11 பக்கம் நிற்கும். அதில் கடைசியாக ரம் ஊற்றுகிறவர்கள் மார்ச் 8 குறிப்பைப் படிக்கவும்.

மார்ச் 12

லேபிளை நம்பலாமா என்ற கேள்வி. ஐரோப்பாவில் பொதுவாக அரை சதவீதம் இப்படி அப்படி இருக்கலாம். அமெரிக்காவில் தாராளம். 14-க்கு உட்பட்ட ஒயினில் ஒன்றரை சதவீதம், அதற்கு மேல் ஒரு சதவீதம் வரை தள்ளிப் போகலாம், 14 என்ற கோட்டை மட்டும் தாண்டக் கூடாது. ஆகவே 12.5 என்று அச்சிட்ட புட்டிக்குள் 13.9 இருந்தாலும் சட்டப்படி குற்றமில்லை. ஒரு புட்டிக்கு 10 மில்லி ஆல்கஹால் கூடுதல், ஒரு பிரிட்டன் யூனிட்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாண மது வாரியம் தான் வாங்கும் ஒயின்களைச் சோதித்துப் பார்க்கும். அந்தத் தரவை ஆராய்ந்த பொருளாதார வல்லுநர்கள் கண்டது, வலு மிகுந்த ஒயின்களில் லேபிள் குறைத்துச் சொல்லும் பக்கமே சாய்கிறது என்பது. வாங்குகிறவர் எதிர்பார்க்கும் எண்ணை ஒட்டியே அச்சிடத் தோன்றுமல்லவா.

இதற்காக லேபிளையே தூக்கி எறிய வேண்டாம். கிளாஸில் 50 மில்லி கூடுதலாக ஊற்றுவது லேபிள் செய்யும் எந்தத் தில்லுமுல்லையும்விடப் பெரிய பிழை. என் கவலை வரிசையில் லேபிள் கிளாஸுக்குப் பின்னால்தான்.

மார்ச் 13

வீட்டில் அளக்கலாமா என்று மூன்று பேர் தனிச்செய்தி அனுப்பிவிட்டார்கள். இங்கேயே சொல்கிறேன்.

வினோமீட்டர் என்று சின்னக் கண்ணாடிப் புனல் விற்கிறார்கள். அடியில் தலைமுடி நுழையும் அளவுக்குத் துளை. புனலில் ஒயினை ஊற்றி, கீழே சில சொட்டுகள் விழும் வரை காத்திருந்து, சட்டென்று மேசைமேல் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். குழாயில் ஏறி நின்ற ஒயின் மெல்ல இறங்கி ஓரிடத்தில் நிற்கும், அந்தக் கோட்டில் இருக்கும் எண்தான் சதவீதம். உலர் ஒயினில் ஓரளவு ஒத்துவரும். இனிப்பு ஒயினை ஊற்றினால் உளறும். சர்க்கரையால் திரவம் கனக்கிறது, மட்டம் அதிகமாக இறங்குகிறது, கருவி அதை ஆல்கஹால் என்று படிக்கிறது. மொஸ்காட்டோவைப் போர்ட் என்று சொல்லும் கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

மிதவை அடர்த்திமானியும் முடிந்த ஒயினில் தனியாக எதையும் சொல்லாது. சர்க்கரை கனமாக்கும், ஆல்கஹால் இலேசாக்கும், இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும். நீங்களே நொதிக்க வைக்கிறீர்கள் என்றால் மட்டும் அது தங்கம். ஆரம்பத்தில் 1.090, முடிவில் 0.995 என்றால் வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்குங்கள், 12.5 சதவீதம். ஆரம்ப அளவைக் குறித்து வைக்காதவர்களுக்கு என் அனுதாபங்கள்.

ஆய்வகத்தில் ஒயினைக் காய்ச்சி ஆல்கஹாலைத் தனியாக வடித்தெடுத்து, அதன் அடர்த்தியை அளக்கிறார்கள். சர்க்கரை பின்னாலேயே தங்கிவிடும் என்பதால் குழப்பம் இல்லை.

மார்ச் 13, இரவு

‘கிளாஸைச் சுழற்றினால் ஓரத்தில் வழியும் கண்ணீரைப் பார்த்தே சொல்லலாமே’ என்கிறார் ஒருவர். தோராயமாக உண்மை. ஓரத்தில் ஒட்டிய மெல்லிய படலத்திலிருந்து ஆல்கஹால் முதலில் ஆவியாகும், அங்கே பரப்பு இழுவிசை கூடும், அது கீழேயிருந்து மேலும் ஒயினை இழுக்கும், கனம் தாங்காமல் சொட்டாக வழியும். 1855-இலேயே ஜேம்ஸ் தாம்சன் இதை விளக்கிவிட்டார். கிளாஸின் வாயைத் தட்டால் மூடிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் கண்ணீர் நின்றுவிடும். ஆவி போக வழியில்லை.

போர்ட்டில் தடித்த சொட்டுகள் நெருக்கமாக வழியும், மொஸ்காட்டோவில் பேருக்குத்தான். ஆனால் கிளாஸ் கழுவிய சோப்பு மிச்சமிருந்தால் எல்லாம் கெட்டுவிடும். 13-க்கும் 14-க்கும் வித்தியாசத்தை இதில் சொல்கிறேன் என்பவர் லேபிளை முன்பே பார்த்தவர்.

மார்ச் 15

கேள்வி கேட்ட நண்பர் குமிழியைப் பற்றியும் கேட்டிருக்கிறார்: ஷாம்பெய்ன் சீக்கிரம் ஏறுவது பிரமையா? பிரமை இல்லை. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அதே ஷாம்பெய்னை நுரையோடும், நுரையை அடக்கியும் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையோடு குடித்தவர்களுக்கு ஆரம்பத்தில் ரத்தத்தில் ஆல்கஹால் வேகமாக ஏறியது. அப்படியானால் மார்ச் 8-இல் ‘சோடாதான் இறக்கும்’ என்று எழுதியதோடு ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும்: சதவீதத்தை இறக்கும், வேகத்தை இறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சாதாரணத் தண்ணீர் விட்டுக் கலந்தால் இரண்டு கவலையும் இல்லை, ருசி மட்டும்தான் கவலை.

மார்ச் 18

ஆல்கஹால் நீக்கிய ஒயினில் சுத்தமாக இருக்காதா என்று கடைசிக் கேள்வி. வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் காய்ச்சியோ, சவ்வு வழியாக வடித்தோ ஆல்கஹாலை எடுக்கிறார்கள். பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை இருந்தாலும் அந்தப் பெயரில் விற்கலாம். முழுப் புட்டியிலும் சேர்த்து 3.75 மில்லி, சாதாரண ஒயின் இரண்டு மேசைக்கரண்டியில் இருப்பது அவ்வளவு. உடம்புக்காகவோ மதத்துக்காகவோ துளியும் கூடாது என்பவர்கள் 0.0 என்று போட்டதைத் தேடுங்கள். ருசி எப்படி என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அதற்குத் தனி இழை தொடங்கிச் சண்டை போடலாம்.